பதின்வயதினருக்கான பக்திப் படங்கள்: திரை எதை மாற்றுகிறது?

1965இல் நற்செய்தியாளர் பில்லி கிரகாமின் 'வேர்ல்ட் வைட் பிக்சர்ஸ்' நிறுவனம் 'தி ரெஸ்ட்லெஸ் ஒன்ஸ்' என்ற படத்தை எடுத்து அமெரிக்காவில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. அலைபாயும் பதின்வயதுப் பிள்ளைகள், அவர்களிடம் பேசத் தெரியாமல் தவிக்கும் பெற்றோர், இடையில் ஒரு நற்செய்திக் கூட்டம்: கதை இவ்வளவுதான். ஆனால் படம் முடிவதோடு நிகழ்ச்சி முடிந்துவிடாது. விளக்கைப் போட்டதும் அழைப்பு விடுப்பார்கள். முன்னால் வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபிக்க, முன்கூட்டியே பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சபையார் அரங்கிலேயே காத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதோடு, முன்னால் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது. அதன்பின் அறுபது ஆண்டுகளில் இந்த வகைப் படங்களின் தொழில்நுட்பம், பணம், விநியோகம் எல்லாம் மாறின. கணக்குப் போடும் முறை மட்டும் மாறவில்லை. ஒரு படம் பிள்ளைகளை நல்வழிப்படுத்தியதா என்று கேட்டால், கை தூக்கியவர்களின் எண்ணிக்கையோ கண்ணீரோடு எழுதப்பட்ட ஒரு சாட்சியோதான் இன்றும் பதிலாக வருகிறது. எதிர்த்தரப்பு இதையே மூளைச்சலவை என்கிறது. திரை நேராக நெஞ்சுக்குள் இறங்கிக் கொள்கையை மாற்றிவிடும் என்று நம்புவதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கிடைத்திருக்கும் ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. இத்தகைய படங்களால் ஒரு பிள்ளையின் ஒழுக்கம் மாறுவது அரிது. நம்மவர்கள் எப்படிப்பட்டவர்கள், வெளியார் எப்படிப்பட்டவர்கள் என்று அந்தப் பிள்ளை மனத்தில் வைத்திருக்கும் சித்திரம் மாறுவது எளிது. அப்படியானால் படத்தை எடைபோட வேண்டியதும் அந்தச் சித்திரத்தை வைத்துத்தான்.

முதலில் இந்த வகையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பென்சில்வேனியாவின் கிராமப்புறப் போதகரான டேவிட் வில்கர்சன் 1958இல் நியூயார்க் தெருக் கும்பல்களைத் தேடிப்போன கதையை 'தி கிராஸ் அண்ட் தி ஸ்விட்ச்பிளேடு' 1970இல் சொன்னது. பாடகர் பாட் பூன் போதகராகவும் எரிக் எஸ்ட்ராடா கும்பல்காரன் நிக்கி குரூஸாகவும் நடித்தார்கள். 1972இல் அயோவா மாநிலத்திலிருந்து 'எ தீஃப் இன் தி நைட்' வந்தது. திரையரங்குகளை நம்பாமல், சபைகளின் வாலிபர் கூட்டங்களில் 16 மி.மீ. புரொஜெக்டரில் ஓடிய படம் அது. 30 கோடிப் பேர் பார்த்ததாக எடுத்தவர்கள் சொன்ன கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. 1979இல் வந்த 'ஜீசஸ்' படம் தமிழ் உட்பட 2,000க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. அது பதின்வயதினருக்கென்று எடுக்கப்பட்டதில்லை, ஆனால் திரையிட்டு முடித்து அழைப்பு விடுக்கும் வழக்கத்தை உலகெங்கும் கிராமம்வரை கொண்டுசேர்த்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. 2004இல் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' வட அமெரிக்காவில் மட்டும் 37 கோடி டாலர் வசூலித்ததும் பெரிய ஸ்டூடியோக்கள் விழித்துக்கொண்டன. ஃபாக்ஸ், சோனி இரண்டும் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கின. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையின் கெண்ட்ரிக் சகோதரர்கள், சபை மக்களையே நடிக்கவைத்து, ஏறத்தாழ ஒரு லட்சம் டாலரில் எடுத்த 'ஃபேசிங் தி ஜயண்ட்ஸ்' (2006) ஒரு கோடி டாலர் ஈட்டியது. 2014இல் 20 லட்சம் டாலரில் எடுத்த 'காட்ஸ் நாட் டெட்' அமெரிக்காவில் மட்டும் 6 கோடியைத் தாண்டியது.

திரைப்படம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று முறையாக அளக்கும் முயற்சி இந்தப் படங்களைவிட மூத்தது. 1929 முதல் 1932 வரை பேன் நிதியத்தின் ஆதரவில் நடந்த ஆய்வுகள் 1933இல் நூல்வரிசையாக வந்தன. அவற்றில் ரூத் பீட்டர்சனும் லூயிஸ் தர்ஸ்டனும் செய்தது இன்றும் படிக்கத் தக்கது. கறுப்பினத்தவர் ஏறக்குறைய எவருமே வசிக்காத இல்லினாய்ஸ் சிறுநகர் ஒன்றில் மாணவர்களுக்கு, கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டும் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்களின் எண்ணங்களை அளந்தார்கள். கறுப்பினத்தவர் மீதான மதிப்பு சட்டென்று சரிந்தது. மாதங்கள் கழித்து மறுபடி அளந்தபோதும் சரிவின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. சீனர்களைப் பரிவோடு காட்டிய 'சன் ஆஃப் தி காட்ஸ்' பார்த்த மாணவர்களுக்குச் சீனர்கள் மீது மதிப்பு கூடியது. ஒரே பொருளில் இரண்டு மூன்று படங்களைக் காட்டினால் விளைவும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. தங்கள் அன்றாட வாழ்வில் சந்தித்தே இராத மனிதர்களைப் பற்றி ஒற்றைப் படம் ஒரு பிள்ளையின் கருத்தை மாதக்கணக்கில் திருப்பிப்போட முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒழுக்கமோ அவ்வளவு எளிதில் அசையவில்லை. அதே காலத்தில் ஹார்ட்ஷார்ன், மே என்ற ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளுக்கு, ஏமாற்ற வாய்ப்புள்ள தேர்வுகளையும் விளையாட்டுகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1928இல் வந்த அவர்களின் முதல் தொகுதி அறநெறி போதிப்பவர்களுக்குக் கசப்பான செய்தி சொன்னது. நேர்மை ஒரு பிள்ளைக்குள் நிலையாகக் குடியிருக்கும் குணமாகத் தென்படவில்லை. வகுப்பில் ஏமாற்றாதவன் மைதானத்தில் ஏமாற்றினான். அருகில் இருந்தவர்கள் எப்படி நடந்தார்களோ அதற்கேற்ப நேர்மை ஏறி இறங்கியது. ஞாயிறு பள்ளிக்குத் தவறாமல் போனதற்கும் ஏமாற்றாமல் இருந்ததற்கும் சொல்லத்தக்க தொடர்பு தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் கேட்ட போதனை சாதிக்காததை இரண்டு மணி நேரப் படம் சாதித்துவிட்டது என்று யாராவது சொன்னால், சான்றைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு சொல்பவருடையது.

இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே சோதனைக்குள் சேர்த்துக் காட்டியவர் ஆய்வாளர் எலிசபெத் பாலக். இனப்படுகொலைக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் ருவாண்டாவில், பகை மறந்து ஒன்றுசேரும் கிராமங்களைப் பற்றிய வானொலித் தொடர் ஒன்று ஒலிபரப்பானது. சில ஊர்களில் மக்கள் கூட்டமாக உட்கார்ந்து ஓராண்டு அதைக் கேட்டார்கள். வேறு ஊர்கள் அதே காலம் உடல்நலத் தொடர் ஒன்றைக் கேட்டன. 2009இல் வெளியான முடிவின்படி, தொடரைக் கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. தங்கள் சமூகத்தில் எப்படி நடந்துகொள்வது முறை என்ற எண்ணம் மாறியிருந்தது. மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்வது, பொதுப்பொருளைச் சேர்ந்து நிர்வகிப்பது போன்ற நடத்தையும் அதோடு மாறியிருந்தது. கதை கேட்பவன் 'நான் இனி இப்படி நம்புவேன்' என்று முடிவெடுப்பதற்கு முன்பே 'நம் ஊரில் இதுதான் வழக்கம்' என்று குறித்துக்கொள்கிறான். வாலிபர் கூட்டத்தில் ஐம்பது பேர் சேர்ந்து பார்க்கும் படத்துக்கு இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் நண்பனும் அந்தப் பிள்ளைக்குப் படத்தின் ஒரு பகுதிதான்.

கை தூக்கும் கணத்தின் எடையை அளக்க நேரடியான படச் சோதனை இல்லாவிட்டாலும் மிக நெருங்கிய ஒன்று உண்டு. 1993இல் தெற்கு பாப்டிஸ்டுகள் தொடங்கிய 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' இயக்கத்தில் பதின்வயதினர் திருமணம்வரை காத்திருப்பதாக அட்டையில் கையெழுத்திட்டு உறுதிமொழி எடுத்தார்கள். பக்திப் படங்களின் இறுதிக் காட்சி நடக்கும் அதே வயது, அதே கூடம், அதே உணர்ச்சி. பியர்மனும் புரூக்னரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் உறுதிமொழி முதல் உறவைச் சராசரியாகப் பதினெட்டு மாதம் தள்ளிப்போட்டது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. பள்ளியில் உறுதிமொழி எடுத்தவர்கள் மிகச் சிலராக இருந்தாலும் பயனில்லை. எல்லோரும் எடுத்துவிட்டாலும் பயனில்லை. தனித்துத் தெரியும் ஒரு கூட்டமாக இருக்கும்வரைதான் அது வேலை செய்தது. 2009இல் ஜேனட் ரோசன்பாம், உறுதிமொழி எடுத்தவர்களையும், மற்றெல்லா வகையிலும் அவர்களை ஒத்திருந்து உறுதிமொழி மட்டும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து இரு சாராரின் பாலுறவு வாழ்க்கையில் வேறுபாடு இல்லை. உறுதிமொழி எடுத்தவர்கள் கருத்தடை பயன்படுத்துவது மட்டும் குறைந்திருந்தது. அப்படி ஒரு உறுதிமொழியே எடுத்ததில்லை என்று சொன்னவர்கள் அவர்களில் 82 விழுக்காடு. கை தூக்கியது பொய்யென்று இதற்குப் பொருளில்லை. அந்தக் கூடத்தில் அந்த நேரத்தில் அது உண்மைதான். கூடம் கலைந்ததும் அதைத் தாங்க வேறொன்றும் இல்லை.

அச்சத்தை ஆயுதமாக எடுத்த படங்களை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். 'எ தீஃப் இன் தி நைட்' படத்தில் பாட்டி என்ற இளம்பெண் காலையில் கண்விழிக்கிறாள். உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் மறைந்துவிட்டார்கள் என்று வானொலி சொல்கிறது. குளியலறைத் தொட்டியில் கணவனின் மின்சாரச் சவரக்கருவி ஓடிக்கொண்டிருக்கிறது; கணவனைக் காணோம். கிறிஸ்துவின் இரகசிய வருகையில் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்பட, சும்மா சபைக்குப் போய்வந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். கடைசியில் எல்லாம் கனவு என்று நிம்மதி வரும்போது, அதே வானொலி, அதே சவரக்கருவி, இந்த முறை நிஜமாகவே. சொற்பப் பணத்தில் எடுத்த படத்துக்கு இது கெட்டிக்காரத்தனமான முடிவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால், தன்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்று நடுங்கிய பிள்ளைப்பருவத்தை, இத்தகைய படங்களோடு வளர்ந்த பலர் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். அச்சத்தின் பலனை அளந்த ஆய்வும் உண்டு. 1953இல் ஜேனிஸும் ஃபெஷ்பாக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பைப் பற்றி மூன்று விதமாக உரையாற்றச் செய்தார்கள். கடுமையாக அச்சுறுத்திய உரை கேட்டவர்களில் 8 விழுக்காடு அளவுக்கே மாற்றம். மென்மையாகச் சொன்ன உரைக்கு 36. பின்வந்த ஆய்வுகள் இதைத் திருத்தின: உடனே செய்து முடிக்கக்கூடிய செயல் ஒன்று கையில் இருந்தால் அச்சம் நன்றாகவே வேலை செய்யும் என்றன. அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன்: இந்தப் படம் கொடுக்கும் 'உடனே செய்யக்கூடிய செயல்' அன்றிரவே சொல்லிவிடக்கூடிய ஒரு ஜெபம். அதனால் ஜெபத்துக்குக் கூட்டம் சேர்கிறது. தேர்வில் பார்த்தெழுதாமல் இருப்பதற்கோ, ஓரமாக நிற்கும் வகுப்புத் தோழனோடு பேசுவதற்கோ அச்சம் எந்த வழியையும் காட்டவில்லை.

அச்சம் பழசாகிப்போன பிறகு வெற்றி வந்தது. 'ஃபேசிங் தி ஜயண்ட்ஸ்' கதையில் தோற்றுக்கொண்டே இருக்கும் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் கடவுளிடம் திரும்புகிறார். வென்றாலும் தோற்றாலும் துதிப்போம் என்று மாணவர்களிடம் சொல்கிறார். நல்ல போதனைதான், ஆனால் கதை அவரைத் தோற்க விடவே இல்லை. கோப்பை வருகிறது, புதிய வண்டி வருகிறது, பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையும் வருகிறது. வாய் ஒன்றைச் சொல்ல, கதை வேறொன்றைச் சொல்லும்போது பார்க்கும் பிள்ளை கதையைத்தான் எடுத்துக்கொள்ளும். 2002, 2003இல் 13 முதல் 17 வயதுவரையான 3,290 அமெரிக்கப் பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசிய ஆய்வாளர் கிறிஸ்டியன் ஸ்மித்தின் குழு, பெரும்பாலோரின் சமயத்தை இப்படி வரையறுத்தது: கடவுள் இருக்கிறார், நல்லவனாக இரு என்கிறார், வாழ்க்கையின் நோக்கம் மகிழ்ச்சி, சிக்கல் வந்தால் தீர்த்துவைப்பார், மற்றபடி தொந்தரவு செய்யமாட்டார். இந்தப் படங்கள் அந்த மனநிலையைத் திருத்த வந்தவை என்று சொல்லப்படுகிறது. எனக்கென்னவோ அதன் விளம்பரமாகவே தோன்றுகிறது.

'காட்ஸ் நாட் டெட்' இன்னும் ஒரு படி போனது. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு மாணவன் ஜாஷிடம், கடவுள் இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறார் தத்துவப் பேராசிரியர். மறுப்பவன் வகுப்பில் வாதாடி நிரூபிக்க வேண்டும். படத்தில் விசுவாசியல்லாதவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள்: தாயின் மரணத்தால் கடவுள்மேல் கசந்துபோன பேராசிரியர், புற்றுநோய் வந்த காதலியைக் கைவிடும் வணிகர், கிறிஸ்துவை ஏற்ற மகளை அடித்து வீட்டைவிட்டுத் துரத்தும் முஸ்லிம் தந்தை. கொடுமைக்காரர் அல்லது நொந்தவர்; மூன்றாவது வகை கிடையாது. பேராசிரியர் கடைசியில் வண்டி மோதிச் சாகும்போது மனந்திரும்புகிறார். முடிவில் படத்தின் பெயரையே நண்பர்களுக்குச் செய்தியாக அனுப்பச் சொல்கிறார்கள். சிறுநகரில் ஒரே சபைக்குள் வளரும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு நாத்திகரையோ முஸ்லிமையோ நெருங்கிப் பழகியிருக்க வாய்ப்பு குறைவு. தர்ஸ்டன் ஆய்வின் மாணவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். படம் உறுதியாக மாற்றக்கூடியது எதுவென்று அன்றே தெரிந்ததோ, அதையே இது மாற்றுகிறது, அதுவும் மோசமான திசையில். அந்தப் பிள்ளையின் சொந்த ஒழுக்கத்தைப் பற்றிக் கேள்வி ஒன்றும் எழவில்லை. அவன் ஏற்கெனவே சரியான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

இதே கருவிகளைக் கொண்டு நேர் எதிராகச் செய்து காட்டிய படமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் வாலிபர் ஊழியத்தில் இருந்த ஜிம் பிரிட்ஸ் எழுதி, பிரையன் பா இயக்கி 2010 ஜனவரியில் வெளியான 'டு சேவ் எ லைஃப்'. சிறுவயதில் தன் உயிரைக் காப்பாற்றி அதனாலேயே கால் ஊனமான நண்பன் ராஜரை, கூடைப்பந்து நட்சத்திரமான பிறகு கழற்றிவிடுகிறான் ஜேக். ராஜர் ஒருநாள் பள்ளியிலேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறான். குற்ற உணர்வோடு வாலிபர் கூட்டத்துக்குப் போகும் ஜேக்குக்கு அங்கே கிடைப்பது புனிதர்கள் இல்லை. போதகரின் சொந்த மகனே வேடதாரி. தனியாக உட்கார்ந்து சாப்பிடும் இன்னொருவனோடு போய் உட்காருவதுதான் படம் கேட்கும் செயல். குடி, காதலியின் கர்ப்பம் எல்லாம் காட்டப்பட்டதால் பக்திப் படத்துக்கு இது ஆகுமா என்று சபைகளிலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. திரைக்கதையில் ஓட்டைகளும் உண்டு, கடைசி அரைமணி நேரம் இழுவை. இருந்தாலும் குற்றம் நம் வரிசையில் இருக்கிறது என்று சொல்ல இந்தப் படத்துக்குத் துணிவிருந்தது. நம் கூட்டத்தின் முறை எது என்ற எண்ணத்தைத்தான் படம் மாற்ற முடியும் என்றால், ஒதுக்கப்பட்டவனோடு சாப்பிடுவது நம் முறை என்று சொல்லும் படத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

மறுப்புகள் பல. வாழ்க்கை மாறியவர்களின் சாட்சிகளை என்ன செய்வது என்பது முதல் கேள்வி. நிக்கி குரூஸ் உண்மையான மனிதர், மாற்றமும் உண்மை. ஆனால் அந்தக் கதையைக் கவனித்துப் பாருங்கள். துரத்தத் துரத்தத் தெருவுக்குத் திரும்பிவந்த ஒரு போதகரும், அதன்பின் இளைஞர்கள் தங்கிப் போதையிலிருந்து மீள அவர் உருவாக்கிய 'டீன் சேலஞ்ச்' இல்லங்களும் சேர்ந்துதான் அங்கே மாற்றத்தைத் தாங்கின. ஸ்மித்தின் ஆய்விலும் பிள்ளைகளின் சமயத்தை நிர்ணயித்தவர்கள் எல்லோரையும்விடப் பெற்றோர்தான். படம் ஒருவனைக் கதவுவரை கூட்டிவரலாம், அதை நான் மறுக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வணிகப் படங்களும் போதிக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு இவற்றை மட்டும் ஏன் சோதிக்கிறாய் என்பது அடுத்தது. அதே அளவுகோலை அங்கும் வைக்கலாம், விளைவு சுவையானது. எம்டிவியின் '16 அண்ட் பிரெக்னன்ட்' தொடர் ஒழுக்கம் போதிக்கவில்லை. பதின்வயதுத் தாய்களின் தூக்கமில்லா இரவுகளைக் காட்டியது. அதனால் பதின்வயதுப் பிரசவங்கள் 4.3 விழுக்காடு குறைந்ததாக கியர்னியும் லெவினும் 2015இல் கணக்கிட்டார்கள். வேறு பொருளியலாளர்கள் அந்தக் கணக்கு முறையையே பின்னர் மறுத்தார்கள், ஆகவே இதை முழுதாக நம்பச் சொல்லமாட்டேன். போதனைக்கும் விளைவுக்கும் நேர்விகிதம் இல்லை என்ற அளவுக்கு மட்டும் இது உதவும்.

பெற்றோர் தரப்பு நியாயம்தான் எனக்கு மிகவும் வலுவாகப் படுகிறது. ரத்தமும் ஆபாசமும் இல்லாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன? தவறில்லை. ஆனால் இல்லாதவற்றின் பட்டியல் ஒரு படத்தை நல்லதாக்கிவிடாது. 'காட்ஸ் நாட் டெட்' படத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் காதில் விழாது. அயலாரைப் பற்றி அது சொல்வது கெட்ட வார்த்தையைவிட நீண்டநாள் தங்கும். மறுபுறம், கலையை ஒழுக்கத்தால் அளக்கவே கூடாது என்பவர்களிடம் இந்தப் படங்களைப் பொறுத்தவரை வாதிடத் தேவையில்லை. எடுத்தவர்களே தாங்கள் எடுத்தது ஊழியம் என்றும், அதன் பலன் மனிதர்களில் தெரியும் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட அளவுகோல்தான் இது.

இனி நல்ல படங்களாக எடுத்தால் போகிறது என்பார்கள். அதற்குக் குறுக்கே நிற்பது டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள். பார்ப்பது பிள்ளைகள், தேர்ந்தெடுப்பது பெற்றோரும் போதகர்களும். அரங்கை மொத்தமாகப் பிடித்து வேன் வைத்துக் கூட்டிப்போவதும் அவர்களே. தங்கள் சபையில் குறை இருக்கிறது என்று சொல்லும் படத்துக்கு வேன் பிடிக்க அவர்கள் எளிதில் முன்வருவதில்லை. 'டு சேவ் எ லைஃப்' அமெரிக்காவில் 40 லட்சம் டாலரைத் தொடவில்லை. 'காட்ஸ் நாட் டெட்' வரிசையில் 2016இல் வந்த இரண்டாம் படமும் நீதிமன்றத்தில் எதிரியை நிறுத்தியது. 2 கோடி டாலர் வந்தது. 2018இல் வந்த மூன்றாவது படம் கொஞ்சம் மாறிப்பார்த்தது. சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கும் சண்டையில் போதகர் தன் தரப்பின் கோபத்தைக் கண்டுகொண்டு, போராட்டத்தைக் கைவிட்டு, மற்றவர் சொல்வதைக் கேட்கச் சொல்கிறார். வரிசையிலேயே பிள்ளைகளுக்குக் காட்டத் தகுந்தது அதுதான். அது ஏறத்தாழ 60 லட்சம் டாலரோடு நின்றது. 2021இல் நான்காவது வந்தபோது பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம், அரசாங்கம் மறுபக்கம் என்று பழைய கோடு திரும்ப வரையப்பட்டிருந்தது.